கல்லறை மரத்தின் கன்று

ஞானசுந்தரம் காஸ் சிலிண்டரைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவார். அதற்கென்றே பழைய காப்பித் தராசு ஒன்றைக் கொட்டகையில் வைத்திருந்தார். சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று பெருமூச்சு விடுவார். இவர் பாட்டுக்கு முள் ஆடி நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, நிற்கிறதா ஓடுகிறதா என்று அவர் எதிரிலேயே சோதிப்பார். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. இவர் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, விற்கிறவர் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, வாங்காமல் வந்துவிடுவார்.

மனைவி மரியபுஷ்பம் இறந்த அன்று, டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகும், முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண்ணாடியில் ஆவி படியவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார். அவர் கோணங்கித்தனத்துக்கெல்லாம் சிரிக்கிற ஊர், அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

இந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததா, தொழிலில் வந்ததா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் நாற்றங்கால் மேஸ்திரியாகக் காலம் தள்ளியவர். நாற்றங்கால் என்பது சந்தேகக்காரனுக்கென்றே கடவுள் படைத்த இடம். இலை கொஞ்சம் வெளுத்தால் ஏன் என்று கேட்க வேண்டும். தண்டு கொஞ்சம் கறுத்தால் யார் என்று கேட்க வேண்டும். மண்ணைச் சலித்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி சலித்து, ஒரு பூஞ்சை நூல்கூட இல்லாமல் பையில் அடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சுத்தமான மண் இருந்தால் பாதிச் செடி பிழைத்த மாதிரி என்பார். வேலையிலிருந்து நின்ற பிறகு, வாழவந்தி போகிற சாலையில் பஸ் நிற்கும் வளைவுக்குக் கீழே, சொந்த வீட்டு முன்னாலேயே சின்னதாக ஒரு நாற்றங்கால் போட்டுக்கொண்டார். காப்பி, மிளகு, சில்வர் ஓக், சுற்றுலா வருகிறவர்களுக்கு நாலு பூச்செடி. காலம் ஓடியது.

மரியபுஷ்பத்தை அடக்கம் செய்த இடம் கல்லறைத் தோட்டத்தின் மேல்மூலை. அங்கே ஒரு பைன் மரம் நின்றது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று யாருக்கும் தெரியாது. கோயில் மணிக்கூண்டை விட உயரம். காற்றடித்தால் மழை வருகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மற்ற மரங்கள் எல்லாம் கோடையில் இலை உதிர்த்தாலும் அது பச்சையாகவே நிற்கும். பூசை முடிந்து மற்றப் பெண்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்க, மரியபுஷ்பம் போய் அதனடியில் நிற்பாள். “எனக்கு இந்த எடம் போதுமுங்க” என்று ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னதை அவர் அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அங்கேயே வைத்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கல்லறைத் திருநாளன்று, கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்த பங்குச் சாமியார், மரம் சாய்ந்துகொண்டு வருகிறது, சுவரும் விரிசல் விட்டுவிட்டது, அனுமதி கேட்டிருக்கிறோம், வந்ததும் எடுத்துவிடப் போகிறோம் என்றார். ஞானசுந்தரம் உடனே சந்தேகப்பட்டார். மரக்கட்டைக்கு ஆசைப்பட்டு யாரோ கிளப்பிவிட்ட கதை என்று நினைத்தார். மறுநாள் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தாமே பார்த்தார். சாமியார் சொன்னதை விடக் கூடுதலாகவே சாய்ந்திருந்தது.

“அதுக்குப் பதிலா வேற பைன் மரம் வாங்கியாந்துட்டோம் ஞானசுந்தரம். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க” என்று சாமியார் ஒரு தொட்டியைக் காட்டினார். சேலத்தில் வாங்கியதாம். அடுக்கடுக்காகத் தட்டு வைத்த மாதிரி கிளை விரித்து, அழகாகத்தான் இருந்தது.

ஞானசுந்தரம் ஒரு கிளையைத் தடவிப் பார்த்தார்.

“இது பைன் இல்லீங்க ஃபாதர். கிறிஸ்மஸ் மரம்னு விக்கிறதுங்க இது. பைன்னா ஊசியெலை தனித்தனியா மொளைக்காது. கொத்தா வரும். கொத்தோட அடியில சின்னதா ஒரு உறை இருக்கும், பாருங்க” என்று பெரிய மரத்தடியிலிருந்து ஒரு கொத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “ஒரு உறையில மூணு ஊசி. இந்த மரத்துக்கு எங்க எடுத்தாலும் மூணுதான். சவுக்கும் தூரத்துல இப்படித்தான் தெரியும், ஆனா அத இழுத்தா கணுக் கணுவாக் கழண்டு வந்துரும். ஏமாத்திப் போட்டாங்க உங்கள.”

“யாரும் ஏமாத்தலைய்யா. நான்தான் பேரைக் கேட்டு வாங்கிட்டேன்” என்று சாமியார் சிரித்தார். “நல்லாத்தான் போச்சு. அப்ப இந்த மரத்துக்கே ஒரு கன்னு எடுத்துக் குடுங்களேன். அதே எடத்துல வெச்சுருவோம்.”

அந்தச் சொல் ஞானசுந்தரத்துக்குள் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. மரம் போனால் மரியபுஷ்பம் மொட்டை வெயிலில் கிடப்பாள். வேறு எந்த மரத்தை வைத்தாலும் அது அவள் கேட்ட மரம் ஆகாது. இந்த மரத்தின் கன்றுதான் வேண்டும். மரத்தை வெட்டுவதற்குள் எடுத்தால்தான் உண்டு.

காய் முற்றுகிற காலம்வரை காத்திருந்து, ஆள் ஏற்றிப் பறித்தார். மரக்கட்டையில் செதுக்கின மாதிரி இருந்த காய்களை வெயிலில் பரப்பினார். சூடேறினதும் அவை செதில் செதிலாக வாய் திறந்தன. உள்ளே ஈசல் சிறகு மாதிரி சிறகு வைத்த விதைகள். காற்று திருடிக்கொண்டு போய்விடும் என்று கொசுவலையைப் போட்டு மூடினார். ஒரு விதைகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சலித்த மண்ணில் போட்டார். முளைத்து வந்தபோது ஒவ்வொன்றும் தலையில் விதைத்தோலைத் தொப்பி மாதிரி போட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து, மரியபுஷ்பம் போன பிறகு முதல் தடவையாக அவருக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மழைக்காலம் முடிகிற சமயம் கன்றுகள் வளர்வதை நிறுத்திவிட்டன. ஊசிகள் வெளுத்தன, சிலதில் நுனி கருஞ்சிவப்பு ஆனது. எரு போட்டார், எருவைக் குறைத்தார், நிழல் கொடுத்தார், நிழலை எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. யாரோ ஏதோ செய்கிறார்கள்.

யார் என்று யோசித்தார். பக்கத்து வீட்டுக் கலாவின் கோழிகள் மேல் முதலில் சந்தேகம். வேலிக்கு வலை கட்டினார். அப்புறம் கலாவின் மேலேயே சந்தேகம். கலா வெந்நீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால்கூட அது எங்கே போகிறது என்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது நாற்றங்கால் வாசல் படலுக்குக் குறுக்கே ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். திரும்பி வந்து முதல் வேலையாக நூலைத்தான் பார்ப்பார்.

மகள் ஃபெபி மட்டும் ஒருநாள் கோயிலில் வைத்துச் சொன்னாள்.

“அப்பா, அந்தக் கன்னைப் பத்தி அவருகிட்ட சொன்னனுங்க. அவரு சொல்றாரு, பைன் கன்னுன்னா...”

“அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காத.”

“மண்ணுலதான் கோளாறுன்னு...”

“என்ற மண்ணுல கோளாறா? ஃபெபி, நீ பூசைக்கு வந்தியா, அவனுக்குத் தூது வந்தியா?”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

அவன் என்றது மருமகன் சிவக்குமாரை. கரடியூர்க்காரன். சாமையும் காப்பியும் போடுகிற விவசாயக் குடும்பம். வனத்துறை நாற்றங்காலில் கூலி வேலைக்கும் போவான். ஃபெபி தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. வேறு சாமி கும்பிடுகிறவன் என்பதைக்கூட ஞானசுந்தரம் எப்படியோ விழுங்கியிருப்பார். ஆனால் ஒற்றைப் பெண்ணைக் கட்டியவன் ஒற்றைப் பெண்ணுக்காகத்தான் கட்டினான் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. ரோட்டோர நிலத்துக்குத்தான் வலை வீசியிருக்கிறான் என்று கல்யாணத்தன்றே முடிவு கட்டிவிட்டார். மகளைக் கோயிலில் பார்ப்பார், பேசுவார். கரடியூருக்குப் போனதில்லை. அந்த வீட்டில் கை நனைத்ததில்லை. மனைவியையும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தார். படலில் கட்டிய நூல் அறுபடாமல் இருந்தது. நிம்மதியாக உள்ளே போனவர் முதல் பையருகிலேயே குனிந்து நின்றுவிட்டார். ஒவ்வொரு பையிலும், அவர் சலித்துப் போட்ட செம்மண்ணுக்கு மேலே, கைப்பிடி கறுப்பு மண் கிடந்தது. யாரோ விரலால் குத்தி உள்ளே இறக்கி, மேலே நேர்த்தியாக அமுக்கிவிட்டிருந்தார்கள். கீழ்ப்பக்கம் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து வந்திருக்க வேண்டும், செருப்புத்தடம் தெரிந்தது.

கொஞ்சம் மண்ணை எடுத்து உடைத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. பூஞ்சை! காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த எவனுக்கும் அந்த வெள்ளையைப் பார்த்தால் தூக்கம் போய்விடும். வேரில் அது ஏறினால் செடியை மறந்துவிட வேண்டியதுதான். சலித்து, காயவைத்து, காலமெல்லாம் அவர் எதை விரட்டி வந்தாரோ, அதையே கொண்டுவந்து பை பையாக வைத்திருக்கிறான் எவனோ.

மண்ணை இன்னும் கிளறினார். மக்கிப்போன ஊசிகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அடியில் உறை, உறையில் மூன்று ஊசி. இன்னொன்று. அதிலும் மூன்று. சந்தேகமே இல்லை. இந்தப் பக்கத்தில் அந்த மரம் ஒன்றுதான்.

அப்படியானால் இது கல்லறை மண்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலாவைக் கூப்பிட்டார். அத்தனை நாள் அவளைத்தான் சந்தேகப்பட்டோம் என்பது அந்த நிமிடம் அவருக்கு நினைவில்லை.

“ஏனுங் கலா, இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?”

“இந்தப் பக்கம் பாக்கலீங்களே. ஆனா காத்தால கோயில்கிட்ட பஸ்ஸுக்கு நிக்கிறப்ப உங்க மருமவன் கல்லறைத் தோட்டத்துல இருந்து வந்தாப்புல. தோள்ல ஒரு சாக்குப் பை. என்னப்பா எல்லாரும் கோயிலுக்குள்ள இருக்கறப்ப நீ இங்கன்னு கேட்டேன். சும்மாத்தானுங்கக்கான்னு சிரிச்சாப்புல.”

ஞானசுந்தரம் மேற்கொண்டு கேட்காமல் பைகளின் பக்கம் திரும்பினார்.

கல்லறை மண்ணை எடுத்து ஒருவன் வீட்டில் வைப்பதற்கு இந்த மலையில் ஒரே அர்த்தம்தான். செய்வினை. அதையெல்லாம் தான் நம்புவதில்லை என்று ஞானசுந்தரம் சொல்லிக்கொள்வார். ஆனால் நம்பாமல் இருக்கிற அளவுக்குத் துணிச்சல் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. செய்வினையோ, நோயோ, எதுவானாலும் செடியைக் கொல்லத்தான் வந்திருக்கிறான். செடி போனால் மனம் உடைந்து கிழவனும் போவான், நிலம் வந்துவிடும். கணக்கு அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு சந்தேகக்காரனுக்குத் தன் சந்தேகம் சரிதான் என்று தெரிகிற நேரத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது ரொம்ப மோசமான சந்தோஷம். துக்கத்துக்கு நடுவிலும் அது அவருக்கு வந்தது.

மேல்மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். வேரோடு கலந்துவிட்டிருந்ததால் முழுக்க வரவில்லை. உடனே டவுனுக்குப் போய் வேரழுகலுக்கு ஊற்றுகிற பூஞ்சாண மருந்தை வாங்கி வந்து கலக்கினார். பை பையாக, மண் சொதசொதவென்று ஆகும்வரை ஊற்றினார். கடைசி வரிசைக்கு மட்டும் ஊற்றவில்லை. மருந்துக்கடைக்காரர் மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எந்த மருந்து வாங்கினாலும் ஒரு வரிசையை விட்டுவைத்து, ஊற்றியதும் ஊற்றாததும் எப்படிப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் எஸ்டேட் காலத்திலிருந்து வைத்திருந்த வழக்கம். அந்த வரிசையின் தலைப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, ஃபெபிக்குப் போன் போட்டார்.

“உன் புருசன் உங்கம்மா பொதச்ச எடத்து மண்ணை எடுத்தாந்து எனக்குச் செய்வினை வெச்சுட்டுப் போயிருக்கான். இப்ப சந்தோசமா?”



“அப்பா, அது செடிக்குத்தானுங்க போட்டாரு. பெரிய மரத்தடி மண்ணு இல்லாட்டிப் பைன் கன்னு பிடிக்கவே பிடிக்காதாமா. அவங்க நாத்தங்கால்ல எல்லாம் அப்படித்தான் போடுவாங்களாமா. அந்த வெள்ளை நூல் இருக்குதுல்ல, அதுதான் வேருக்குச் சோறு ஊட்டுமாம். சொல்ல வந்தேன், நீங்க வுட்டீங்களா?”

“நல்லது பண்ண வர்றவன் படல் வழியா வர்றது. திருட்டுத்தனமா ஏன் வர்றான்?”

“படல் வழியா வந்தா வுட்டுருவீங்களாங்கப்பா?”

அவர் சத்தத்தைக் கூட்டினார். “நான் நாத்துப் போட்டு நரைச்சவன். பூஞ்சை சோறு ஊட்டுமாம்! எல்லாத்தையும் மருந்து ஊத்திக் கொன்னாச்சு, உன் புருசன்கிட்டச் சொல்லு.”

“மருந்து ஊத்திட்டீங்களா?” என்று கேட்ட ஃபெபியின் குரல் அழுகிற குரலாக இருந்தது. அதையும் அவர் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பஸ் நிற்கும் வளைவில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் கரடியூரில் போய்ச் சொன்னார்கள். கல்லறை மண் எடுக்கிறவன் என்று சிவக்குமாருக்குப் பேர் கட்டினார்கள். அறுப்புக்கு அவனைக் கூப்பிடுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் கூப்பிடாமல் விட்டார்கள். அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதவன் குற்றவாளிதானே என்றார் ஞானசுந்தரம். ஃபெபி ஏற்காட்டுக் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்மஸுக்கு அவர் தனியாகப் போய், தனியாக வந்தார்.

பொங்கல் கழிந்து மரத்தை வெட்டினார்கள். மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஞானசுந்தரம் காலையிலிருந்தே போய் நின்றார். கடைசித் துண்டு விழுந்ததும், மேல்மூலை முழுக்கச் சட்டென்று வெயில் விழுந்தது. மரியபுஷ்பத்தின் கல்லறையில் எழுதியிருந்த எழுத்தைப் பார்க்கக் கண் கூசியது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் விரித்துவிட்டு வந்தார். கோயிலில் வேலை செய்கிறவர் அதைப் பத்திரமாக மடித்து மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

காப்பி பூத்து முடிகிற சமயம் வந்தது. மருந்து ஊற்றிய கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வெளுத்து, சிவந்து, துரும்பாக நின்றன. ஊற்றாமல் விட்ட வரிசையோ, முதலில் அவர் கவனிக்காமலே, நடுவில் புது ஊசி விட ஆரம்பித்திருந்தது. அப்புறம் ஒரே மூச்சில் பச்சையாயிற்று. சிவப்புத் துணி கட்டிய வரிசை மட்டும் நிமிர்ந்து நின்றது.

ஞானசுந்தரம் கொதித்துப்போய் மருந்துக்கடைக்குப் போனார்.

“போலி மருந்து குடுத்துட்டீங்க. ஊத்துனதெல்லாம் செத்துப்போச்சு. ஊத்தாதது பொழச்சிருக்குது.”

கடைக்காரர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எதுக்குங்க ஊத்துனீங்க?”

“பூஞ்சைக்குத்தான்.”

“பூஞ்சை செத்துச்சுங்களா?”

“செத்துச்சு.”

“அப்புறமென்னங்க? நான் பூஞ்சைக்குத்தானுங்களே மருந்து குடுத்தேன். பூஞ்சை சாவலைன்னா வந்து சண்டை போடுங்க, நியாயம்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசுந்தரம் சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. கடைக்காரர் சொன்னது மண்டைக்குள் வேறு எங்கோ போய் இடித்தது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

பச்சையாக நின்ற கன்று ஒன்றின் பையைக் கிழித்தார். மண்ணை மெதுவாக உதிர்த்தார். வேர் நுனியெல்லாம் சின்னச் சின்னக் கவட்டையாகப் பிரிந்திருந்தது. வேர் எது, வெள்ளை நூல் எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டிருந்தன. அழுகல் வாடை தேடி முகர்ந்தார். மழைக்குப் பின் காளான் முளைத்த இடத்தின் வாசம்தான் வந்தது. செத்த கன்று ஒன்றையும் கிழித்தார். அதன் வேர் மெலிந்து, தனியாக, ஒரு நூல்கூட ஒட்டாமல், கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. காலமெல்லாம் அவர் மெச்சிக்கொண்ட சுத்தம்.

சிவப்புத் துணி கட்டிய வரிசை, மருந்துக்கடைக்காரரைப் பிடிக்க வைத்த பொறி. அதில் மாட்டியது தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. சிவக்குமாரைச் சந்தேகப்பட வேறு ஏதாவது காரணம் மிச்சமிருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் கொஞ்சநேரம் தேடினார். கிடைக்கவில்லை. அங்கேயே, செத்த கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து, “பாவி நான்” என்று வாய்விட்டுச் சொன்னார்.

கிழித்த கன்றைப் பக்குவமாக மறுபடி மண் வைத்துக் கட்டினார். பிழைத்த கன்றுகள் அத்தனையையும் ஒரு கூடையில் அடுக்கி, மத்தியான பஸ்ஸில் கரடியூருக்கு ஏறினார். கண்டக்டர் கூடையை மேலே வைக்கச் சொன்னார். அவர் மடியை விட்டு இறக்கவில்லை.

வீடு எது என்று கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மகளின் வீட்டை அடுத்தவரிடம் கேட்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. வாசலில் சிவக்குமார் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாங்க மாமா.”

ஃபெபி வாசற்படிவரை வந்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

ஞானசுந்தரம் கூடையை இறக்கி வைத்தார்.

“பொழச்சது இவ்வளவுதான் மாப்ள. மிச்சத்தை நாந்தான் கொன்னுட்டேன். ஊரெல்லாம் உங்க பேரையும் கெடுத்துப்போட்டேன். அந்த வளைவுல நின்னு எத்தனை பேருகிட்டச் சொன்னேனோ, அத்தனை பேருகிட்டயும் நாந்தான் தப்புன்னு சொல்லிட்டுத்தான் மறுவேலை பாப்பேன்.”

மாப்ள என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. சிவக்குமார் குனிந்து ஒரு கன்றின் புது ஊசியை விரலால் பிரித்துப் பார்த்தான்.

“மூணு இருக்குதுங்க மாமா. நல்லா வந்துரும். இந்த மழைக்கே வெச்சரலாம்.”

“அந்த மண்ணு எங்க எடுத்தீங்க?”

“மரத்தடியிலதானுங்க.”

“மரத்தடியிலன்னா?” குரலில் பழைய மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டார். அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அத்தை கால்மாட்டுலதானுங்க. மத்த பக்கமெல்லாம் சிமிட்டி பூசிட்டாங்க. கேட்டுட்டுத்தான் எடுத்தனுங்க.”

“யாருகிட்ட?”

“அத்தைகிட்டத்தான்.” சிவக்குமாருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. “நாங்க காட்டுல எந்த மண்ணை எடுத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானுங்க எடுப்போம். அத்தைன்னா கேக்காம இருப்பனா? ‘அத்தை, மாமா வெச்ச கன்னு தெரளமாட்டேங்குது, கொஞ்சம் மண்ணு எடுத்துக்கறேன், அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க’ன்னு சொன்னேன். அத்தை இங்க வந்துட்டுப் போறப்ப எல்லாம் எங்கிட்டச் சொல்றதுதானுங்களே அது. ‘உங்க மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாப்ளை’ன்னு.”

ஞானசுந்தரம் கன்றிலிருந்து கண்ணை எடுத்தார்.

“இங்க வந்தாளா?”

சிவக்குமார் திகைத்துப்போய் ஃபெபியைப் பார்த்தான். ஃபெபி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“முதல் வெள்ளி ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லுவாங்கல்லங்கப்பா. இங்கதான் வருவாங்க. படுக்கையில வுழுற வரைக்கும் ஒரு மாசம் தப்புனதில்ல.”

அவரே எத்தனையோ முறை குடை கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். சீக்கிரம் வா என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நூல் கட்டவில்லை, தராசில் போடவில்லை, யாரிடமும் விசாரிக்கவில்லை. உலகத்தில் அவள் ஒருத்தியைத்தான் அப்படி விட்டுவைத்திருந்தார்.

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மகள் முகத்தைப் பார்க்காமலே அவள் செத்துப்போகவில்லை. நல்லவேளை, என் பேச்சைக் கேட்காமல் விட்டாள் மகராசி என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பில் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் துண்டு தேடினார். ஃபெபி ஓடிவந்து முந்தானையைக் கொடுத்தாள்.

“வந்தா என்ன சாப்புடுவா?” என்று கேட்டார்.

“சாமைச் சோறும் மொச்சைக் கொழம்புமுங்க. நொம்பப் பிடிக்கும் அம்மாவுக்கு.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இன்னிக்கும் அதுதானுங்கப்பா ஆக்கியிருக்கேன்.”

ஞானசுந்தரம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

“அவ எங்க உக்காருவாளோ, அங்கயே எனக்கும் போடு கண்ணு” என்றார்.